நான் உயிரோடதான் இருக்கேன்!

மறுபடியும் வந்துடுச்சு அந்தப் பாரம். நான் இன்னும் சாகலன்னு ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேரணும். இல்லன்னா அங்கிருந்து எனக்கு வர்ற அரசாங்க பென்ஷன் நின்னுடுமாம்.

நேத்து காலையில எட்டு மணிக்கே இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட் பட்டணத்துல ஒரு கிளினிக்குக்குப் போனேன். ரெண்டு மணி நேரம் உட்கார வச்சிட்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு இங்க கார்டு இல்ல, டாக்டர் சைன் பண்ண மாட்டாராம்"னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுது. மூச்சு விடுறேனான்னு பாக்க கார்டு எதுக்கும்மா? அடுத்து பேங்க். நம்பர் எடுத்து, காத்துக் கிடந்து உள்ள போனா, அந்த ஆபீசர் பாரத்தை முன்னயும் பின்னயும் புரட்டிட்டு, "மேலிடத்துல கேக்கணும், புதன்கிழமை வாங்க"ங்கறாரு. ஐயா, நான் உங்க எதிர்லதான உட்கார்ந்திருக்கேன்! நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்றீங்க, இன்னும் என்ன சாட்சி வேணும்? வீட்டுல மகன் இருக்கான், மருமக இருக்கா. சொந்தக்காரங்க கையெழுத்து செல்லாதாம்.

இவ்வளவு அலைச்சலும் எவ்வளவு காசுக்கு? 1969ல, 20 வயசுல, தோட்டத் தொழிலாளர் லயத்துல இருந்து தாதி வேலைக்கு இங்கிலாந்து போனவ நான். 40 வருஷம் சம்பளத்துல பிடிச்சாங்க. 2009 கடைசியில ஊர் திரும்பினப்ப வாரத்துக்கு 95 பவுண்டு 25 பென்ஸ். இன்னிக்கும் அதேதான்! அங்கேயே இருந்திருந்தா 2025 ஏப்ரல்லயே அதே பென்ஷன் 176 பவுண்டு 45 பென்ஸ் ஆகியிருக்கும். என்னோட ஒரே வார்டுல நைட் டூட்டி பாத்த பிலிப்பைன்ஸ்காரி மணிலாவுல இருக்கா, அவளுக்கு வருஷா வருஷம் ஏறுது. அவ நாட்டோட இங்கிலாந்துக்கு ஒப்பந்தம் இருக்காம், மலேசியாவோட இல்லயாம். பிடிக்கும்போது நீ எந்த ஊர்ல போய்ச் சாகப்போறன்னு கேட்டா பிடிச்சாங்க? ஆஸ்திரேலியா, கனடாவுல இருக்கறவங்களுக்கும் இதே கதிதான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பாத்தாங்க, 2010ல அதுவும் தோத்துப்போச்சு.

கடைசியில தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியர்தான் ரெண்டே நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. நல்லா இருக்கணும் அவரு. "இத அனுப்பினா ஏத்திக் கொடுப்பாங்களாம்மா?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். பாவம், தண்ணி கொண்டுவரச் சொல்லிட்டாரு.

வெளிய வந்தா, என் காருக்குப் பின்னால எவனோ டபுள் பார்க்கிங் போட்டுட்டுப் போயிருக்கான். போன் நம்பர் கூட வைக்கல. அரை மணி நேரம் வெயில்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்னேன்!