வெளிநாட்டிலையிருந்து சீபாப் மெசின் அனுப்புற சொந்தங்களுக்கு

நித்திரையிலை மூச்சு நிண்டு நிண்டு வாற ஆக்களுக்கு இரவிலை மாஸ்க் போட்டுக் காத்து அடிக்கிற சீபாப் மெசின் இருக்கெல்லோ, அது இப்ப கனடா, லண்டன் பார்சலுகளோட வன்னிக்கும் வருது. அங்க புதுசு எடுத்த ஆக்கள் பழசை அம்மாவுக்கோ மாமாவுக்கோ குடுத்து விடுகினம். நல்ல மனசுதான், புதுசு வாங்கிற காசுக்கு எங்கட சனம் எங்க போறது. ஆனா அனுப்ப முதல் மெசினிலை இருக்கிற மொடலையும் சீரியல் நம்பரையும் ஒருக்காப் பாருங்கோ.

2021 ஜூனிலை பிலிப்ஸ் கொம்பனி லட்சக்கணக்கான மெசினுகளைத் திருப்பி எடுக்கிறம் எண்டு அறிவிச்சது. 2009 தொடக்கம் 2021 ஏப்ரல் 26 வரைக்கும் செய்த முதல் ட்ரீம்ஸ்டேஷனும் வேற கன மொடலும் அதுக்குள்ள அடக்கம். சத்தம் கேக்காமலிருக்க உள்ளுக்கு வைச்ச பொலியூரித்தேன் ஸ்பொஞ்ச் உக்கி கறுப்புத் தூளா உதிரலாம், வாயுவும் விடலாம், அந்தக் காத்துத்தான் நேர நெஞ்சுக்குள்ள போகுது. சூடும் ஈரப்பதமும் கூடின இடத்திலை கெதியா உக்குமாம், ஓசோன் வாயுவாலை மெசின் துப்பரவாக்கிற ஓசோன் கிளீனர் பாவிச்சா இன்னும் மோசம். எங்கட புழுக்கத்தை யோசிச்சுப் பாருங்கோ. பெரிய பாதிப்பு வராது எண்டு கொம்பனி பிறகு சோதனை காட்டினது, அது காணாது எண்டு மருந்துகளையும் மருத்துவ மெசினுகளையும் கண்காணிக்கிற அமெரிக்க அரச அமைப்பு எஃப்டிஏ சொல்லிப்போட்டுது. திருத்தின மெசினுகளிலை சிலிக்கோன் ஸ்பொஞ்ச் மாத்தியிருக்கு, அப்பிடி மாத்தினதோ எண்டு கேட்டு அனுப்புங்கோ.

எனக்கு இதைவிடப் பயம் மாஸ்க்கிலைதான். சில மாஸ்க்குகளிலை பட்டி கொழுவுற கிளிப் காந்தம். 2022 இலை பிலிப்ஸும் 2023 இலை ரெஸ்மெட் எண்ட மற்ற மாஸ்க் கொம்பனியும் எச்சரிக்கை விட்டவை, இதயத் துடிப்புக்கு வைக்கிற பேஸ்மேக்கர், தலைக்குள்ள உலோகக் கிளிப், கண்ணுக்குள்ள இரும்புத் துண்டு இருக்கிற ஆக்கள் அதைப் பாவிக்கக் கூடாது, உடம்புக்குள்ள இருக்கிற அந்த மாதிரிச் சாமானிலையிருந்து காந்தம் 6 அங்குலமாவது தள்ளி இருக்கோணும் எண்டு. பக்கத்திலை படுக்கிற ஆளுக்கும் இதே கதைதான்.

எங்கட ஊரிலை எத்தினை பேர் தலையிலை, முகத்திலை, கழுத்திலை போரிலை பட்ட செல்லின்ர (எறிகணையின்ர) உலோகத் துண்டோட திரியினம். எடுத்தா ஆபத்து எண்டு டொக்டர்மார் விட்ட துண்டுகள். அங்க இருந்து மாஸ்க் அனுப்புற பிள்ளைக்கு அது ஞாபகம் வராது, இங்க குடுக்கிற ஆளும் கேக்கிறேல்லை. முள்ளிவாய்க்காலாலை வந்த சனத்திட்டை இதைக் கேக்காம மாஸ்க் போடவே கூடாது எண்டுறது என்ர நிலைப்பாடு. பழைய எக்ஸ்ரேயைக் கொண்டு போய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. காந்தமில்லாத கிளிப் மாஸ்க்கும் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்கோ.

ஏற்கனவே பாவிக்கிற ஆக்கள் பயந்து போய் இண்டைக்கே மெசினை நிப்பாட்டிப் போடாதேங்கோ, அதுவும் ஆபத்து, முதல் டொக்டரோட கதையுங்கோ.