பக்கத்தில் இருப்பவரின் நோய்க்கு சிகரெட் கம்பெனி பொறுப்பில்லையா?

"பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போட்டாச்சு, அடுத்தவர் விட்ட புகையால் நோய் வந்தால் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்கவே முடியாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவில் புகைபிடிக்காத விமானப் பணிப்பெண்கள் 1991-ல் புளோரிடாவில் வழக்குப் போட்டார்கள். மூடிய விமானத்துக்குள் பயணிகள் விட்ட புகையை வருடக்கணக்கில் சுவாசித்தே வேலை பார்த்தவர்கள் அவர்கள். பாக்கெட்டை வாங்காதவருக்கு அதில் அச்சிட்ட எச்சரிக்கை எப்படிப் பொருந்தும்? 1997-ல் சமரசம். ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 30 கோடி டாலர் தர கம்பெனிகள் சம்மதித்தன. பணிப்பெண்கள் தனித்தனியாக நஷ்டஈடு கேட்கும் உரிமையும் நிலைத்தது. அந்தச் சமரசம் குற்ற ஒப்புதல் அல்ல, உண்மைதான். தனி வழக்குகளில் எல்லோரும் ஜெயிக்கவும் இல்லை; தன் நோய்க்குப் புகைதான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். ஆனால் கடினம் வேறு, முடியாது என்பது வேறு.

2006-ல் வேறொரு வழக்கில் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், அடுத்தவர் புகையின் ஆபத்து குறித்துக் கம்பெனிகள் மக்களை ஏமாற்றின என்றே தீர்ப்பளித்தார். அதன்படி 2017 முதல் அவர்கள் செலவிலேயே வெளியிட்ட விளம்பரங்களில், இந்தப் புகை ஆண்டுக்கு 38,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கொல்கிறது என்ற வரி இருக்கிறது.