ஏழு ஆட்டங்கள் இருக்கட்டும், எண்பத்திரண்டைக் குறையுங்கள்

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2025 இறுதிச் சுற்றில் இண்டியானா பேசர்ஸை 4-3 என்ற கணக்கில் வென்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைக் கைப்பற்றியதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. லீக் சுற்றில் 68 ஆட்டங்களை வென்ற அணிக்கு அது நியாயமான பரிசுதான். மனக்குறையெல்லாம், கடைசி ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே பேசர்ஸ் ஆட்டக்காரர் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநார் அறுந்து தரையில் விழுந்ததைப் பற்றியது.

லீக் சுற்றுக்குப் பின் வரும் வெளியேற்றச் சுற்றுகளான அந்த ப்ளேஆஃப் முழுவதும் பேசர்ஸ் செய்தது ஏறக்குறைய மாயவித்தை. கிழக்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டத்தில், நியூயார்க் நிக்ஸின் சொந்த அரங்கில், மூன்று நிமிடங்களுக்கும் குறைவான நேரமே எஞ்சியிருக்க 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். ஆரன் நெஸ்மித் அந்தக் கடைசிக் கால் பகுதியில் மட்டும் ஆறு மூன்று புள்ளி எறிதல்களைக் கூடைக்குள் போட்டார். நேரம் முடிகையில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெகு உயரம் எழும்பி உள்ளே விழ, வென்றுவிட்டதாகவே அவர் கொண்டாடினார். ஆனால் கால் மூன்று புள்ளிக் கோட்டில் பட்டிருந்ததால் இரண்டு புள்ளிகளே கிடைத்தன; கூடுதல் நேரம் ஆடித்தான் 138-135 என வென்றார்கள். தண்டருக்கு எதிரான முதல் இறுதி ஆட்டத்திலோ, 0.3 நொடி மீதமிருந்தபோதுதான் முதன்முறையாக முன்னிலை பெற்றார்கள். அதுவே வெற்றியாகவும் ஆனது.

ஒரே ஆட்டத்தில் முடிவு என்றிருந்தால் அந்த 0.3 நொடியிலேயே கோப்பை கைமாறியிருக்கும். முதலில் நான்கு வெற்றிகளை எட்டும் அணியே வெல்லும் ஏழு ஆட்டத் தொடரில் அப்படி நடக்காது. பேசர்ஸ் 2-1 என முன்னிலை பெற்ற பிறகு, நான்காவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் தண்டரின் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் தனியாளாகத் தொடரைத் திருப்பினார். எதிரணி தன்னைப் படித்துவிட்ட பிறகும் ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைக் காட்டுவது இந்த நீளம்தான். ஆகவே, தொடர்களைச் சுருக்க வேண்டும் என்போருடன் நான் உடன்படவில்லை. (இந்திய நேரப்படி விடியற்காலையில் எழ வேண்டியிருக்கிறது என்பது ஒரு வாதமே அல்ல.)

சுருக்க வேண்டியது அதற்கு முன்னால் வரும் லீக் சுற்றை. 1967-68 முதல், சுருக்கப்பட்ட சில பருவங்கள் தவிர, ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆட்டத்தின் வேகமோ அன்றிருந்ததல்ல. 2025 ப்ளேஆஃபில் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் ஆகிய மூவருக்கும் அதே குதிகால் தசைநார் அறுந்தது. ஆட்ட எண்ணிக்கைதான் காரணம் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஹாலிபர்ட்டன் ஏற்கெனவே காயம்பட்ட கெண்டைக்காலோடு தானே விரும்பி இறங்கியவர். ஆனாலும், ஏப்ரலில் தொடங்கும் ப்ளேஆஃபுக்குள் களைத்த கால்களோடு நுழைவதால் யாருக்கு என்ன லாபம்?

எழுபது ஆட்டங்கள் போதும். அணி உரிமையாளர்களுக்கு சொந்த அரங்கில் ஆறு ஆட்டங்களின் டிக்கெட் வருமானம் போகும். 11 ஆண்டுகளுக்கு 76 பில்லியன் டாலர் தரும் தொலைக்காட்சி நிறுவனங்களும் முணுமுணுக்கும். ஆட்டக்காரர்களின் ஊதியமும் லீக்கின் வருவாயோடு பிணைந்திருப்பதால், அவர்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் மறுப்பவர்கள் அவர்களாகவே இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.