தவணை மாதாமாதம் வரும், முகூர்த்தம் வராது

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி பார்க்க வந்தான். காலேஜ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. காதுகுத்து, பிறந்தநாள், கிடாவெட்டு என்று போனிலேயே எடுத்த படங்களைக் காட்டினான். நல்ல கண். கல்யாணப் போட்டோகிராபர் ஆக வேண்டும் என்கிறான். கையில் 65,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். இன்னும் இரண்டு லட்சம் கடன் போட்டு, புது மிரர்லெஸ் கேமராவும் பெரிய லென்ஸும் எடுத்துவிடலாமா என்பது அவன் கேள்வி. "வாங்கிருவோமாண்ணே?"

வேண்டாம் என்றேன். நானே ஒரு கல்யாண ஆர்டருக்குப் படம் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில் காரணத்தை நிதானமாகச் சொல்ல முடியவில்லை. இன்பாக்ஸில் இதையே கேட்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கிடையாது. புரட்டாசியிலும் நிறைய வீடுகளில் வைப்பதில்லை. மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்தம் என்று ஒரு நாள் வந்தால் திருப்பரங்குன்றத்திலிருந்து மேலூர் வரை எல்லா மண்டபமும் அன்றைக்கே நிறைந்துவிடும். நாம் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். புதிதாக வருகிறவனுக்கு முதல் வருடத்தில் பத்து ஆர்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனால் தவணை ஆடியிலும் வரும், மார்கழியிலும் வரும். என்னோடு ஆரம்பித்தவர்களில் மூன்று பேர் இன்றைக்கு இந்தத் தொழிலில் இல்லை. மூன்று பேரும் நன்றாகப் படம் எடுத்தவர்கள். கடன் கட்ட முடியாமல் கேமராவை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இது ஒரு காரணம். இன்னொன்று என் சொந்தத் தவறு, அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதக் கூடாது.

2018 வைகாசி. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். அப்போது என்னிடம் ஒரு கேமரா, அதில் ஒரே மெமரி கார்டு. கையில் மிச்சமிருந்த காசையெல்லாம் நல்ல லென்ஸ் ஒன்றில் போட்டிருந்தேன். பெண்ணின் தாய்மாமன் துபாயிலிருந்து ஆறு நாள் விடுப்பில் வந்திருந்தார். நான்கு வருடம் கழித்து ஊருக்கு வந்தவர். மேளதாளத்தோடு சீர்வரிசைத் தட்டுகளைக் கொண்டுவந்து, பெண்ணுக்கு மாலை போட்டு, பட்டுச்சேலையைக் கையில் கொடுத்தபோது அவர் முகம் இருந்த இருப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். அப்புறம் தாலி கட்டு, அட்சதை, மெட்டி, எல்லாம் எடுத்தேன்.

சாயங்காலம் கார்டை லேப்டாப்பில் போட்டால் விடியற்காலை அலங்காரப் படங்கள் மட்டும் திறந்தன. மற்றது எதுவும் திறக்கவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் தெரிந்தவர் கடைக்கு ஓடினேன். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார். வந்த படங்களில் பாதிக்கு மேல் கீழ்ப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சொந்தக்காரர்களின் போன்களில் இருந்த படங்களை வீடு வீடாகப் போய் வாங்கி, ஆல்பத்தை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். பெண் வீட்டார் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த மாமா துபாயிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நான் மாலை போட்டது ஒண்ணாச்சும் தேறுமா?" என்றார். தேறவில்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான். கையில் காசு குறைவாக இருக்கிறவன் அந்தக் காசை முதலில் படம் தொலையாமல் இருப்பதற்குச் செலவு செய்ய வேண்டும். படம் அழகாக வருவதற்கான செலவு அதற்குப் பிறகுதான். இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாத வேலை இது.

அதனால் அந்தத் தம்பியின் 65,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன். இரண்டு கார்டு போடும் வசதியுள்ள பழைய கேமரா ஒன்று. நிக்கான் டி7200 என் தேர்வு. 2015-இல் வந்தது, 24 மெகாபிக்சல், கல்யாண ஆல்பத்துக்குத் தாராளம். போன வருடம் ஒரு பையனுக்கு நானே 29,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். வாங்கும்போது அதிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது எத்தனையாவது கிளிக் என்ற எண் அந்தப் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும், அதைப் படித்துச் சொல்லும் இணையதளங்கள் உண்டு. இந்தக் கேமராவின் ஷட்டர் ஒன்றரை லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிளிக் ஆகும். கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இதற்குப் பழைய 50 எம்.எம். எஃப் 1.8 டி லென்ஸ் போதும், அந்தப் பையனுக்கு ஐந்தாயிரம் சொச்சத்துக்கு வாங்கிக் கொடுத்தேன். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவின் மோட்டார்தான் ஃபோகஸைத் திருப்பும். டி7200-இல் அந்த மோட்டார் இருக்கிறது. விலை குறைவு என்று அந்த மோட்டார் இல்லாத டி5300 மாதிரி கேமராவோடு இதை வாங்கிவிட்டு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை என்று வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டாவது கேமராவாக அதே டி5300-ஐப் பழையதாக, 18-55 எம்.எம். ஜூம் லென்ஸோடு வைத்துக்கொள்ளலாம். 50 எம்.எம். லென்ஸை வைத்துக்கொண்டு சின்ன மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்க முடியாது, பின்னால் போகச் சுவர்தான் இருக்கும். அதற்கு, அகலமாகப் பிடிக்கும் 18-55 உதவும். ஒரு மேனுவல் ஃபிளாஷ், நான்கு கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான், காசு தீர்ந்துவிடும். எடிட்டிங்குக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். பெரிய லென்ஸ் கட்டாயம் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். இரண்டு கார்டு போட்டால் மட்டும் போதாது. மெனுவில் போய் இரண்டாவது கார்டை "பேக்கப்" என்று மாற்ற வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும். "ஓவர்ஃப்ளோ" என்று இருந்தால் முதல் கார்டு நிறைந்த பிறகுதான் இரண்டாவதில் எழுதும். அப்படியே விட்டுவிட்டு இரண்டு பிரதி இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார்டில் கோளாறு என்று தெரிந்தால் அந்த நொடியே அதைக் கழற்றி வையுங்கள். அதன் மேல் இன்னொரு படம் எழுதினால் மீட்க முடிந்ததும் போய்விடும்.

சரி, கருவி இவ்வளவு போதும். இதைவிட முக்கியமானது, தனியாக ஆர்டர் பிடிப்பதற்கு முன் ஒரு வருடம் இன்னொரு போட்டோகிராபரோடு இரண்டாவது கேமராக்காரனாகப் போவது. தாலி கட்டும்போது எங்கே நிற்பது என்பதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. கெட்டிமேளம் என்ற சத்தம் கேட்டதும் முன்வரிசை மொத்தமும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். அதற்கு முன்பே ஐயர் பக்கத்தில் மேடையின் ஓரத்தைப் பிடித்திருக்க வேண்டும், அதுவும் வீடியோக்காரரை மறைக்காமல். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டதும் நாத்தனார் கை பின்னாலிருந்து வரும். அந்தக் கைக்கும் காத்திருக்க வேண்டும். மேடையில் எல்.இ.டி. விளக்கு இருந்தால் படத்தில் கறுப்புக் கோடு விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும், அதனால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பந்தலில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்காதீர்கள், எல்லார் முகமும் சிவந்துவிடும்.

முறைகள் வீட்டுக்கு வீடு மாறும். சௌராஷ்டிரா வீட்டுக் கல்யாணத்தில் நடப்பது வேறு, கிராமத்துக் கோவில் கல்யாணத்தில் நடப்பது வேறு. நான் ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ எது முதலில், எது பிறகு என்று கேட்டு எழுதிக்கொள்வேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கல்யாணத்தன்று அந்தப் பாட்டியே "அந்தத் தம்பிக்கு வழி விடுங்கப்பா" என்று சத்தம் போடுவார்.

காசு விஷயம். என் முதல் ஆர்டரை ஆல்பத்தோடு சேர்த்து 12,000 ரூபாய்க்குப் பேசினேன். ஆல்பத்துக்கு 6,500, கூட வந்தவனுக்கு 1,500, பெட்ரோல், கார்டு எல்லாம் போக மூவாயிரம் மிஞ்சியது. எடிட்டிங் இரண்டு வாரம். ஆல்பத்தைத் தனியாகவும் எடுக்கும் கூலியைத் தனியாகவும் பேசுங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், ஒரு பங்கு கல்யாணத்தன்று மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன், மீதி ஆல்பம் கொடுக்கும்போது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கல்யாணம் முடிந்த வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், மண்டபம் என்று எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், கூச்சப்படுகிறவன் கடைசியில் நிற்பான்.

வருகிற தை முகூர்த்தங்களுக்கு எனக்கு இரண்டாவது கேமராவுக்கு ஒரு ஆள் வேண்டும். நாளுக்கு 1,500 ரூபாய், சாப்பாடு, போக்குவரத்து என் பொறுப்பு. சொந்தக் கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என் பழையது இருக்கிறது. உசிலம்பட்டித் தம்பியிடம் முதலில் கேட்டிருக்கிறேன். அவன் வரவில்லை என்றால் இங்கே சொல்கிறேன்.