பனியை விடக் காதுதான் முக்கியம்

இலங்கை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளைக்குக் கவிதை தந்தது மலையும் பனியும்தான் என்கிறது ஒரு கட்டுரை. முழுசாக ஏற்க முடியவில்லை. 1914இல் மடகொம்பரைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அவர், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அந்தக் காதுதான் முதல்.

மலையகத்தில் இன்று எழுத வரும் பிள்ளைகளும் அங்கிருந்தே தொடங்கலாம். மாசியில் மன்மதன் கதையை ஆடிப் பாடும் காமன் கூத்து நடக்கும்போது கைபேசியில் பதியுங்கள். தப்பு எனும் பறைக்குப் பக்கத்தில் நின்றால் பாட்டு அமுங்கிப்போகும். பாடுபவர் பக்கம் நில்லுங்கள். பேச்சு வழக்கில் பாடியதை அப்படியே, அன்றைக்கே எழுதிவிடுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தினால் ஓசை செத்துவிடும்.

வாசிப்பு வட்டத்துக்குப் பத்துப் பேர் போதும், ஒரு மாலைக்கு மூன்று கவிதை. இரண்டு தடவை உரக்க வாசிக்க வேண்டும். எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். முதலிலேயே விளக்கம் சொன்னால் எல்லோரும் விளக்கத்தைத்தான் பாராட்டுவார்கள். வெளியீட்டு விழாக்களில் இது நடக்காது, பொன்னாடையும் வாழ்த்துரையுமே நேரத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று: எல்லா மலையையும் 'பச்சைக் கம்பளம்' என்று எழுதாதீர்கள். தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய, அதாவது வெட்டிக் குறைத்த மலையில் இலை ஏது? முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள்தான் நிற்கும், சேலையைக் கிழிக்கும்.