ஊரே எரிந்தாலும் தெரு மாறாது

ஊர் வளர்கிறது என்றாலே பேச்சு கட்டடத்தைப் பற்றித்தான். எத்தனை மாடி, சதுர அடி என்ன விலை. நான் சந்திகளைப் பார்ப்பேன். பழைய பகுதிகளில் நாற்சந்தியும் முச்சந்தியுமாக இருக்கும். புதிதாக மனை பிரித்த பக்கம் போனால் முட்டுச்சந்துதான். தெருக்களை ஆராய்கிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் எண்ணுகிறார்கள்: ஒரு சந்தியில் சராசரியாக எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று.

முட்டுச்சந்தில் வீடு வாங்குகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். அமைதியாக இருக்கும், பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். ஆனால் பக்கத்து லேஅவுட்காரரும் அதையேதான் செய்கிறார், அதற்கு அடுத்தவரும். கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் குக்கர் விசில் இங்கே கேட்கும். அவர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வாசல் கேட்டைத் தாண்டி, மெயின் ரோடு ஏறி, அடுத்த கேட்டில் நுழைந்து, உள்ளே வளைந்து வளைந்து... யார் நடப்பார்? வண்டியை எடுப்பார்கள். எல்லா லேஅவுட் வண்டியும் அந்த ஒரே ரோட்டில் வந்து விழும். அப்புறம் ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி மனு.

இது தானாக வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு அமைப்பே, கட்டம் கட்டமான தெருக்கள் வேண்டாம், முட்டுச்சந்து நல்லது என்று வழிகாட்டியது. அங்கே புதுத் தெருக்களின் இணைப்பு 1990களின் நடுவில் அடிமட்டத்துக்குப் போய், பிறகுதான் கொஞ்சம் தேறியது. 2009-ல் விர்ஜீனியா மாநிலம், அக்கம்பக்கத்தோடு போதிய இணைப்பு இல்லாத புதுத் தெருக்களைப் பராமரிப்புக்கு எடுக்க மாட்டோம் என்று விதி போட்டது. பின்னர் அதையும் தளர்த்தினார்கள். பில்டர்கள் சும்மா இருப்பார்களா?

என் கவலை வேறு. வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை அப்படிச் செய்ய முடியாது. 1666-ல் லண்டன் எரிந்தபோது கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உட்படப் பலர் புத்தம்புது வரைபடம் கொடுத்தார்கள். சில தெருக்களை அகலப்படுத்தினார்கள், அவ்வளவுதான். நகரம் பெரும்பாலும் பழைய தடத்திலேயே எழுந்தது. மனை அவரவருடையது, யார் விட்டுக்கொடுப்பார்?

'தெருவைத் திறந்தால் கண்ட வண்டியும் வரும்' என்பார்கள். சரி, வண்டிக்குத் திறக்க வேண்டாம். நெதர்லாந்தில் ஹௌட்டன் என்ற ஊரில் கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெளிவட்டச் சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். சைக்கிள் நேராக ஊருக்குள்ளேயே போய்விடும். நம்மால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், லேஅவுட்டுக்கு அனுமதி தரும்போதே பக்கத்து லேஅவுட் தெருவோடு பிறகு இணைக்க வசதியாக, தெருக்களை எல்லை வரை கொண்டுபோய் நிறுத்தச் சொல்லலாம், மதிலில் ஆளும் சைக்கிளும் போகிற அளவுக்கு ஒரு வழி விடச் சொல்லலாம். மனை விற்றுப் பத்திரம் பதிந்த பிறகு கேட்டால் யாரும் ஓரடிகூடத் தர மாட்டார்கள்.