அழற்சியை அடக்கினால் அல்சைமர் அண்டாதா?

"மூளை அழற்சியைத் தணியுங்கள், மறதி நோய் அண்டாது" என்று மஞ்சள் மாத்திரை விற்கும் விளம்பரம் என் முகநூல் பக்கத்தில் ஓயாமல் வருகிறது. கீழே "விலை என்ன?" என்று வரிசை கட்டி விசாரிக்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமினைக் குடல் உறிஞ்சுவதே மிகக் குறைவு என்பது இருக்கட்டும். அழற்சி என்றாலே பகை, அடக்கியே தீரவேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

அல்சைமர் நோயாளியின் மூளையில் நரம்பு செல்களுக்கு இடையே பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துணுக்குகள் திரண்டு படிந்திருக்கும். அந்தப் படிவைச் சுற்றி மைக்ரோகிளியா செல்கள் மொய்த்து நிற்கும். மூளையின் சொந்த நோய் எதிர்ப்புப் படை அவைதான். படிவை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் சுற்றி வளைத்து இறுக்கி, பக்கத்து நரம்புகளுக்குச் சேதம் பரவாமல் தடுக்கும். இந்தப் போராட்டம்தான் மூளை அழற்சி. இது ஆண்டுக்கணக்கில் நீளும்போது அவை சுரக்கும் வேதிப்பொருள்களே நரம்பு செல்களைப் பதம்பார்க்கத் தொடங்கும். வேலியே பயிரை மேய்கிற கதை. விளம்பரக்காரர்கள் சொல்வது இந்தப் பிற்பாதியை மட்டும்.

முற்பாதிக்கு வலுவான சாட்சி, டிரெம்2 என்ற மரபணு. மைக்ரோகிளியா படிவை உணர்ந்து அதை நோக்கிச் செல்ல உதவும் புரதத்தை இதுதான் தருகிறது. இதில் அந்தப் புரதத்தை மந்தமாக்கும் ஒரு குறிப்பிட்ட சிறு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது 2013-இல் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது. அழற்சி மட்டுமே குற்றவாளி என்றால், காவல் மந்தமானவர்களுக்கு நோய் குறைந்திருக்க வேண்டுமே? கூடியல்லவா இருக்கிறது!

மாத்திரையால் அழற்சியை அடக்கியும் பார்த்துவிட்டார்கள். மூட்டுவலிக்கு நெடுங்காலம் அழற்சி எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களிடம் அல்சைமர் குறைவு என்று சில கணக்கெடுப்புகள் காட்டியதால், அமெரிக்காவில் 2001-இல் அடாப்ட் ஆய்வு தொடங்கியது. குடும்பத்தில் மறதி நோய் இருந்த, எழுபது வயதைத் தொட்டவர்களுக்கு நாப்ராக்சன் அல்லது செலிகாக்சிப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தார்கள். இதயப் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 2004-இல் நிறுத்தினார்கள். நோயைத் தடுத்ததற்கான தடயம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்து, அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு மைக்ரோகிளியாவை வரவழைத்தே படிவை அகற்றுகிறது. அடக்குவது இருக்கட்டும், உசுப்பிவிடுகிறது! அதற்காக அதைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. பதினெட்டு மாதங்களில் சரிவை 27 சதவீதம் மட்டுப்படுத்தியது என்பார்கள்; நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. சிலருக்கு மூளை வீக்கமும் நுண்ணிய இரத்தக்கசிவும் வேறு.

வீட்டுப் பெரியவர் எதையாவது அடிக்கடி மறந்தால், மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைபாடும் தைராய்டு கோளாறும் மறதியைக் கொண்டுவரும். இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.